ஒளியை உடைத்துப் பார்த்த ஓவியர்: ககனேந்திரநாத தாகூர்

பத்தாம் வகுப்பு மாணவி, ஆலத்தியூர்

தாகூர் என்றதும் நம் அனைவர் நினைவிலும் தோன்றுபவர், வெண்தாடியும் நீண்ட அங்கியுமாகக் காட்சி தரும் மகாகவி இரவீந்திரநாதரே. ஆனால் அதே கல்கத்தா நகரில், அதே ஜோராசாங்கோக் குடும்பத்தில், இன்னொரு தாகூரும் இருந்தார். அவருடைய ஓவியம் ஒன்றை ஒரு பழைய நூலில் முதன்முதலாகக் கண்டபோது, அச்சகத்தார் படத்தைத் தவறாக அச்சடித்து விட்டார்களோ என்றே எண்ணினேன். படிக்கட்டு எங்கோ தொடங்கி எங்கோ முடிந்தது. கதவுக்குள் கதவு, அதற்குள் ஒரு வெளிச்சம். நூலைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன். பயனில்லை! அந்தப் புதிரை அவிழ்க்கப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

ககனேந்திரநாதர் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 18 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் குணேந்திரநாதர். இரவீந்திரநாதர் இவருக்குச் சிற்றப்பா முறை. ஆனால் வயதில் ஆறே ஆண்டுகள் மூத்தவர். சேசு சபைக் குருக்கள் நடத்திய தூய சவேரியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ககனேந்திரருக்குப் பதினான்கு வயதானபோது தந்தை மறைந்தார். மூத்த மகன் அல்லவா? குடும்பப் பொறுப்பு அந்தப் பிஞ்சுத் தோள்களில் வந்து அமர்ந்தது. நம்மைவிட ஒரு வயது இளையவர்!

தம்பி அவனீந்திரநாதர் ஓவியத்தில் பெரும்புகழ் பெற்றார். தங்கை சுநயனி தேவியோ இல்லத்தரசியாக இருந்துகொண்டே, எவரிடமும் பயிலாமல் சிறந்த ஓவியரானார். (அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) அண்ணன் மட்டும் குடும்பக் கணக்கு வழக்குகளைக் கவனித்தபடி இருந்தார். அவர் முழுமனத்துடன் தூரிகையை எடுத்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்குக் காரணம் ஒரு பெருந்துயரம். மூத்த மகன் இளம் வயதிலேயே இறந்துபோனான். அந்த வீட்டாரின் துயரை ஆற்றுவதற்காகப் புராணக் கதை சொல்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். எல்லோரும் கதை கேட்டுக்கொண்டிருக்க, ககனேந்திரர் கேட்பவர்களின் முகங்களை வரைந்துகொண்டிருந்தார். அந்தக் கை பிறகு ஓயவில்லை.

கல்கத்தாவுக்கு வந்திருந்த ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து கறுப்பு மையைக் கையாளும் முறையை அவர் அறிந்துகொண்டார். அந்த மையால் அவர் வரைந்தது எதை? காக்கையை! நாம் கல்லெறிந்து விரட்டும் அதே காக்கையைத்தான். 1912 இல் இரவீந்திரரின் தன்வரலாற்று நூலுக்குப் படங்கள் வரைந்தார். அதன்பின் கேலிச் சித்திரங்களில் இறங்கினார். சாதியை மனிதரை அரைக்கும் திரிகையாகத் தீட்டினார். பல்கலைக்கழகத்தை ஓர் இயந்திர ஆலையாகவே வரைந்துவிட்டார். பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருக்கும் எங்கள் வகுப்பார் அப்படத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தோம்.

இனி, அந்தப் புதிருக்கு வருவோம்.

நம் முன்னால் ஒரு குடம் இருக்கிறது. நாம் வரையும்போது ஒரு பக்கத்தை மட்டுமே வரைகிறோம். ஆனால் குடத்தின் வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும், அடிப்பகுதியும் தெரியும், மறுபக்கத்து நசுங்கலும் தெரியும். தெரிந்த அத்தனையையும் ஒரே தாளில் காட்டினால் என்ன? 1907 ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் பிக்காசோ, பிராக் என்னும் இரு இளைஞர்கள் இவ்வழியில் இறங்கினார்கள். பொருளை உடைத்துப் பட்டை பட்டையாகப் பரப்பினார்கள். வெறும் கனசதுரங்கள் என்று ஒரு விமர்சகர் ஏளனம் செய்தார். அந்த ஏளனமே கியூபிசம் என்ற பெயராக நிலைத்துவிட்டது.

பொருளை உடைக்கலாம் என்றானபின் அடுத்த கேள்வி தானே எழுந்தது: பொருள் வேண்டுமா? ஹாலந்து நாட்டு மோந்திரியான் 1912 இல் பாரிசுக்கு வந்து, கியூபிச முறையில் ஒரு மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். வரைய வரையக் கிளைகள் கோடுகளாயின, கோடுகள் கட்டங்களாயின, மரம் மறைந்தே போயிற்று. ருஷ்யாவின் மாலேவிச் 1915 இல் ஒரு கறுப்புச் சதுரத்தையே ஓவியமாக மாட்டினார். இவ்வாறு அரூப ஓவியம் வளர்ந்தது. ஆயினும் கியூபிசம் ஒன்றே அதற்குத் தாய் என்று சொல்லிவிட முடியாது. காண்டின்ஸ்கி என்பவர் இசையையும் வண்ணத்தையும் எண்ணி எண்ணி, வேறு வழியாக அங்கு வந்து சேர்ந்தார்.

இச்செய்திகள் நூல்களாகவும் இதழ்களாகவும் கப்பலேறிக் கல்கத்தாவை அடைந்தன. 1921-22 வாக்கில், ஐம்பத்து நான்கு வயதைக் கடந்த ககனேந்திரர் இப்புதிய பாணியில் வரையத் தொடங்கினார்! ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற அறிஞர், 1922 இல் இவரை இந்தியக் கியூபிஸ்ட் என்று அறிமுகப்படுத்தி எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. காண்டின்ஸ்கி, பால் கிளே ஆகியோரின் ஓவியங்களோடு ககனேந்திரரின் ஓவியங்களும் அக்கண்காட்சியில் இடம்பெற்றன. மறுஆண்டு பெர்லினில் நடந்த இந்தியக் கண்காட்சியிலும் அவருடைய படங்கள் இருந்தன.

அவர் பாரிஸ்காரர்களைப் போல் குடத்தை உடைக்கவில்லை, ஒளியை உடைத்தார். நாம் சிறுவயதில் மூன்று கண்ணாடிப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே உடைந்த வளையல் துண்டுகளைப் போட்டு உருட்டிப் பார்ப்போமே, அப்படிப்பட்ட கலைடாஸ்கோப்பும் பட்டைக் கண்ணாடிகளும் அவரை மிகவும் கவர்ந்தன என்பர். கண்ணன் ஆண்ட துவாரகையை வரைந்தார். அது பளிங்குத் துண்டுகள் அடுக்கிய நகரமாகத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், படிப்படியாக வெட்டிய பாறையின்மேல் மாலை வெயில் சாயும்போது ஒரு முகம் வெளுத்தும் மறுமுகம் இருண்டும் கிடக்குமே, அதைப் பார்த்தவர்களுக்கு இவர் ஓவியம் அந்நியமாகத் தோன்றாது. இரவீந்திரரின் நாடகங்களுக்கு அரங்கம் அமைத்த அனுபவமும் அவருக்குண்டு. அதனால்தானோ என்னவோ, அவருடைய படங்களில் திரை விலகப்போகும் ஓர் எதிர்பார்ப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

ஆர்ச்சர் என்ற ஆங்கில விமர்சகர் 1959 இல், இவை உண்மையான கியூபிசமே அல்ல என்று ஒதுக்கிவிட்டார். பிக்காசோவின் அளவுகோலை வைத்தால் அவர் சொன்னதில் ஒரு பாதி சரிதான். ஆனால் அந்த அளவுகோலை ஏன் வைக்க வேண்டும்? வரலாற்றறிஞர் பார்த்தா மித்தர் 2007 இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் கேட்டார். பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளிலிருந்து எடுத்துக்கொண்டால் அது மேதைமை. இந்தியர் பாரிசிலிருந்து எடுத்துக்கொண்டால் அது நகலா? ஒருமுறை நான் ஒரு வார இதழின் படத்தைப் பார்த்து, அதில் எங்கள் தெருவையும் என் பாட்டியையும் சேர்த்து வரைந்தேன். பார்த்த பெரியவர் ஒருவர், காப்பி அடித்தாயா என்று மட்டுமே கேட்டார். பாட்டி அவர் கண்ணில் படவேயில்லை. ஆகவே இவ்விஷயத்தில் என்னை நடுநிலையாளராகக் கருத வேண்டாம்.

ககனேந்திரர் அரூபத்தின் வாசல்வரை சென்றார், உள்ளே நுழையவில்லை. எவ்வளவு ஒளிப்பட்டைகள் சிதறிக் கிடந்தாலும், ஏதாவதொரு மூலையில் ஒரு சிறிய மனித உருவம் நின்றுகொண்டிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அவ்வாசலைத் தாண்டிச் சென்றவர்கள் பிற்காலத்தில் நம் சென்னையிலேயே தோன்றினார்கள். அவனீந்திரரின் மாணவரும், மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்தவருமான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்றார். அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர், எழுத்துகளையும் குறியீடுகளையுமே ஓவியமாக்கினார். 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்.

1930 இல் ககனேந்திரரைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சும் போயிற்று, தூரிகை பிடிக்கவும் இயலவில்லை. அவ்வாறே எட்டாண்டுகள் வாழ்ந்து, 1938 ஆம் ஆண்டு பிப்ரவரி 14 ஆம் நாள் தமது எழுபதாம் வயதில் காலமானார். சில ஆண்டுகளில் ஜோராசாங்கோவில் அவர் வாழ்ந்த ஐந்தாம் எண் வீடு விற்கப்பட்டு, இடிக்கவும் பட்டது. பக்கத்திலிருந்த இரவீந்திரரின் ஆறாம் எண் வீடு மட்டும் இன்றும் நிற்கிறது. ஓவியத்தில் உள்ள படிக்கட்டுகள் எந்த வீட்டில் இருந்தவை என்று இனி ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.