பூம்பொழில் கண்ட உழவர்

அருகில் உள்ள பொருளின் அருமையை அறியாதிருத்தல் மாந்தர் இயல்பு. வேலியோரத்தில் பூத்த மலரை மிதித்துச் செல்வோர், தொலைநாட்டுச் செடியைப் பொருள் கொடுத்து வாங்கிப் போற்றுவர். தம் மண்ணில் தானே முளைத்த செடிகொடிகளைப் பெருஞ்செல்வமாகக் கருதி வளர்த்தவர் ஓர் உழவர். அவர்தாம் ஜான் பார்ட்ரம்.

அவர் அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சார்ந்த டார்பி என்னும் ஊரில் 1699ஆம் ஆண்டு பிறந்தார். உழவர் குடியில் தோன்றிய அவர் பெற்ற பள்ளிக் கல்வி சிறிதே. ஒருநாள் ஏரோட்டுங்கால் சாலில் கிடந்த சிறு மலரொன்றை எடுத்து நோக்கினார் என்றும், அதன் அமைப்பில் உள்ளம் பறிகொடுத்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அக்காலத்துச் செடிநூல்கள் இலத்தீன் மொழியில் இருந்தமையால், அம்மொழியையும் ஓரளவு பயின்றார். 1728இல் பிலடெல்பியா நகரை அடுத்து, ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார். தம் கையாலேயே கல்வீடு கட்டினார். அதனைச் சூழத் தோட்டம் அமைத்தார்.

அத்தோட்டம் பருவந்தோறும் புதுக்கோலம் பூண்டது. பனிக்காலம் கழியுங்கால், இலை தளிர்க்குமுன்னரே செம்மேப்பிள் மரம் சிவந்த பூக்களைத் தாங்கி நிற்கும். இளவேனிலில் டாக்வுட் என்னும் சிறுமரம் வெண்ணிறப் போர்வை போர்த்தாற்போல விளங்கும். பின்னர், கால்மியாச் செடிகள் சிறு கிண்ணம் போன்ற பூக்களைக் கொத்துக்கொத்தாக ஏந்தும். ஏனைய மரங்கள் இலையுதிர்க்கும் காலத்திலோ, விட்ச் ஹேசல் மஞ்சள் மலர் சூடி நகைக்கும். இவற்றைக் கண்டு கண்டு மகிழ்ந்தார் ஜான்.

விளைச்சல் வேலை ஓய்ந்தபின், அவர் குதிரையேறிக் காடும் மலையும் சதுப்பும் கடந்து வித்துகளைத் திரட்டுவார். அவற்றைப் பெட்டிகளில் அடைத்து, இலண்டன் மாநகரத் துணிவணிகர் பீட்டர் காலின்சனுக்குக் கப்பலில் அனுப்புவார். கடலின் ஈரத்தால் வித்துகள் கெடுதலும் உண்டு. எலிக்கு இரையாதலும் உண்டு. அதனால் அவர் மனம் தளரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மடல்வழியே நட்புப் பூண்ட அவ்விருவரும் ஒருமுறையேனும் நேரிற் கண்டாரல்லர்!

1765இல் இங்கிலாந்து மன்னர் அவரைத் தம் செடிநூலறிஞராக அமர்த்தி, ஆண்டுக்கு 50 பவுன் வழங்கினார். அறுபத்தாறு அகவை எய்திய ஜான், தம் மகன் வில்லியத்துடன் தென்திசை சென்றார். அங்கு ஜார்ஜியாவில், அல்டமகா ஆற்றின் அருகே, முன்னறியாத மரமொன்றைக் கண்டனர். அப்பொழுது அதில் மலர் இல்லை. பின்னாளில் வில்லியம் மீண்டும் அங்குச் சென்று, அதன் வெண்மலரையும் கண்டு, வித்துகளைக் கொணர்ந்தார். தந்தையின் நண்பரான பெஞ்சமின் பிராங்கிளின் பெயரால் அது பிராங்கிளினியா எனப்பட்டது.

1777 செப்டம்பரில், விடுதலைப் போரின் படைகள் பிலடெல்பியாவை நெருங்கிய வேளையில், ஜான் உயிர் நீத்தார். அவர் கண்ட மரம் அத்தோட்டத்தில் பூத்தது அதன்பின்னரே. 1803க்குப் பின் அம்மரத்தை இயற்கைக் காட்டில் கண்டார் எவரும் இலர். இன்று உலகெங்கும் உள்ள பிராங்கிளினியா மரங்கள், பார்ட்ரம் குடும்பத்தார் காத்த வித்துகளின் வழிவந்தவையே.

காடு இழந்த மரத்தை ஓர் உழவரின் தோட்டம் காத்தது. மலரைக் காணாமலே மறைந்தாரேனும், மலரும் ஒவ்வொரு பருவத்திலும் அவர் புகழ் மணக்கின்றது.