அண்டை அயலாரை அறிந்த அல்பிரூனி

திண்டுக்கல் நகரில் பேகம்பூர்ப் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. அபிராமி அம்மன் கோயிலிலும் புனித வளனார் ஆலயத்திலும் மணி ஒலிக்கிறது. தலைமுறை தலைமுறையாக நாம் அடுத்தடுத்து வாழ்ந்து வருகிறோம். ஆயினும், அடுத்த வீட்டார் மேற்கொள்ளும் விரதம் எதற்கு, அவர்கள் திருமணச் சடங்கின் கருத்து யாது என்று வினவினால், நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? பிறர் வாழ்வை அறிவதையே ஒரு கல்வியாக்கிய முஸ்லிம் பேரறிஞர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். அவரே அபூரைஹான் அல்பிரூனி.

இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த பகுதியில் ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) அவர் பிறந்தார். வானநூலிலும் கணிதத்திலும் சிறந்து விளங்கினார். 1017இல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றியபோது, அறிஞர் பலருடன் இவரும் கஜ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அதன் பின்னரே பஞ்சாப் பகுதிகளுக்கு வந்து தங்கும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. படையினர் இந்நாட்டில் செல்வத்தைத் தேடினர். பிரூனியோ அறிவைத் தேடினார்.

நாற்பது வயதைக் கடந்த பின்னர் அவர் சமஸ்கிருதம் பயின்றார். பண்டிதர்களை நாடிச் சென்றார். ஏடுகளைப் பொருள் கொடுத்துச் சேகரித்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். 1030ஆம் ஆண்டளவில் 80 அத்தியாயங்கள் கொண்ட ‘கிதாபுல் ஹிந்த்’ என்னும் பெருநூலை முடித்தார். இந்துக்களின் இறைக்கொள்கை, திருமணம், விரதம், திருவிழா, எழுத்து, அளவை ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. தென்னாட்டிற்கு அவர் வரவில்லை. எனினும் இங்குள்ளோர் பனையோலையில் எழுதித் துளையிட்டுக் கயிற்றால் கோப்பதையும் கேட்டறிந்து குறித்துள்ளார்.

அவர் கைக்கொண்ட முறை நம் கவனத்திற்குரியது. ஒரு சமூகத்தாரின் கொள்கையை, அவர்களை எதிர்ப்போரிடம் கேளாமல், அவர்கள் நூல்களிலிருந்தே எடுத்துரைத்தார். கற்றோர் நம்பிக்கையையும் பாமரர் வழக்கத்தையும் பிரித்துக் காட்டினார். விந்தையாகத் தோன்றும் வழக்கங்களைக் கண்டு எள்ளி நகையாடாமல், கிரேக்கரிடமும், பண்டைப் பாரசீகரிடமும், இஸ்லாத்திற்கு முந்திய அரபியரிடமும் இருந்த வழக்கங்களுடன் ஒப்பிட்டார். சாதிப் பாகுபாட்டை அவர் ஏற்கவில்லை; எனினும் அதைப் பற்றி உள்ளதை உள்ளவாறே எழுதினார். மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைக் குலைத்து, மக்கள் உள்ளத்தில் முஸ்லிம்கள்மீது ஆழ்ந்த வெறுப்பை விதைத்தன என்பதையும் கஜ்னியில் வாழ்ந்துகொண்டே பதிவு செய்தார்.

இதனால் அவரது ஈமான் குன்றியதா? இல்லை. கஜ்னி நகரின் கிப்லாத் திசையை நுட்பமாகக் கணித்தவரும் இதே பிரூனிதான். 1050ஆம் ஆண்டையொட்டி அந்நகரிலேயே அவர் மறைந்தார். மனிதப் பண்பாட்டை ஆராயும் மானிடவியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக அறிஞருலகம் இன்று அவரைப் போற்றுகிறது.

மக்களைப் பல இனங்களாகவும் கிளைகளாகவும் இறைவன் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது திருமறையின் போதனை. அண்டை வீட்டாரைப் பற்றி வேறெவரோ கூறும் கதையை நம்புவதைவிட, அவரிடமே அன்போடு கேட்டறிவது நம் கடமையன்றோ! அதற்கான நல்லெண்ணத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.