லுட்விக் எர்ஹார்ட்

லுட்விக் எர்ஹார்ட் (பெப்ரவரி 4, 1897 – மே 5, 1977) ஜெர்மானியப் பொருளியலாளரும் அரசியல்வாதியும் ஆவார். 1949 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராகவும், 1963 முதல் 1966 வரை அந்நாட்டின் இரண்டாவது அரசுத் தலைவராகவும் (சான்சலர்) பதவி வகித்தார். கட்டற்ற சந்தையையும் பொதுநல அரசையும் இணைக்கும் சமூகச் சந்தைப் பொருளாதாரம் என்னும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவராக இவர் அறியப்படுகிறார். எனினும் இம்முறையின் பொதுநலக் கூறுகளில் சில, இவருடைய எதிர்ப்பையும் மீறியே உருவாயின.

இளமைக் காலம்

எர்ஹார்ட் பவேரியா மாநிலத்தின் ஃபூர்த் நகரில் பிறந்தார். தந்தை துணிக்கடை நடத்தி வந்தார். தந்தை கத்தோலிக்கர், தாய் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். குழந்தைப் பருவத்தில் தாக்கிய இளம்பிள்ளை வாதத்தால் எர்ஹார்டின் வலது பாதம் ஊனமுற்றது. முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றிய அவர், 1918 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே படுகாயமுற்றார். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னரும் இடது கை முழுமையாகக் குணமாகவில்லை.

கடையில் நெடுநேரம் நின்று வேலை செய்ய இயலாத நிலையில் அவர் படிப்பின் பக்கம் திரும்பினார். நூரன்பெர்க் வணிகக் கல்லூரியில் பயின்ற பின், 1925 இல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அவருடைய ஆசிரியர் ஃபிரான்ஸ் ஓப்பன்ஹைமர் ஆவார். சந்தையை ஏற்றுக்கொண்டு, தனியுரிமை ஆதிக்கத்தை எதிர்த்த ஓப்பன்ஹைமரின் கருத்து எர்ஹார்டிடம் இறுதிவரை நிலைத்தது. 1920களின் இறுதியில் அவரது குடும்பத்தின் கடை நொடித்துப் போனது.

நாசி ஆட்சிக் காலம்

1928 முதல் 1942 வரை நூரன்பெர்க்கில் இருந்த பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒன்றில் எர்ஹார்ட் பணியாற்றினார். அவர் நாசிக் கட்சியில் சேரவில்லை. ஆயினும் ஜெர்மனி கைப்பற்றிய பகுதிகளின் பொருளாதாரம் குறித்து ஆட்சியாளர்களுக்கு ஆலோசனை வழங்கியதை வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் விமர்சித்துள்ளனர். போரில் ஜெர்மனி தோற்கும் எனக் கருதி, போருக்குப் பின் அரசுக் கடனையும் நாணயத்தையும் சீரமைப்பது பற்றி 1944 இல் ஓர் அறிக்கை எழுதினார். இவ்வறிக்கை, இட்லருக்கு எதிரான அணியைச் சேர்ந்த கார்ல் கோர்டெலரையும் சென்றடைந்தது.

1948 நாணயச் சீர்திருத்தம்

போருக்குப் பின் ஜெர்மனியில் உணவும் உடையும் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தன. விலைகளை அரசு நிர்ணயித்தது. பழைய ரைக்ஸ்மார்க் நாணயம் மதிப்பிழந்ததால் வணிகர்கள் சரக்கைப் பதுக்கினர். கள்ளச் சந்தையில் சிகரெட்டே பணமாகப் புழங்கியது. 1948 மார்ச்சில் எர்ஹார்ட், அமெரிக்க, பிரித்தானிய மண்டலங்களின் பொருளாதார நிருவாகத்துக்கு இயக்குநரானார்.

ஜூன் 20, 1948 அன்று மேற்கு மண்டலங்களில் டாய்ச்மார்க் என்னும் புதிய நாணயம் அறிமுகமானது. நாணயச் சீர்திருத்தத்தைத் திட்டமிட்டவர்கள் நேச நாட்டு அதிகாரிகளே. முதலில் ஒவ்வொருவருக்கும் 40 மார்க்கும், பின்னர் மேலும் 20 மார்க்கும் வழங்கப்பட்டன. இதனோடு பல பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டையும் நீக்கியது எர்ஹார்டின் முடிவாகும். முக்கிய உணவுப் பொருள்கள், நிலக்கரி, வீட்டு வாடகை ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடு தொடர்ந்தது.

பதுக்கப்பட்ட சரக்குகள் சில நாட்களிலேயே கடைகளுக்கு வந்தன. ஆனால் அனைவரும் ஒரே அளவில் பயன்பெறவில்லை. சேமிப்பாகப் போட்டிருந்த 100 பழைய மார்க்குக்கு இறுதியில் 6.50 புதிய மார்க் மட்டுமே கிடைத்தது. நிலம், கட்டிடம், தொழிற்சாலை வைத்திருந்தோரின் சொத்து மதிப்பு குறையவில்லை. விலைகள் விரைவாக ஏறின, வேலையின்மையும் பெருகியது. நவம்பர் 12, 1948 அன்று சுமார் 90 இலட்சம் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். எர்ஹார்ட் விலைக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பவில்லை. எனினும் காலணி, துணி போன்றவற்றைக் குறைந்த விலையில் உற்பத்தி செய்யும் திட்டத்தைச் செயற்படுத்தினார். அவ்வாண்டின் இறுதியில் விலையேற்றம் தணியத் தொடங்கியது.

சமூகச் சந்தைப் பொருளாதாரம்

இச்சொல்லை 1947 இல் வெளிவந்த தமது நூலில் பயன்படுத்தியவர் அல்ஃபிரட் முல்லர்-ஆர்மாக் என்னும் பொருளியலாளர் ஆவார். வால்டர் ஆய்க்கன் முதலிய ஃபிரைபர்க் அறிஞர்களின் கருத்துகளும் இதற்கு அடிப்படையாயின. விலையைச் சந்தை தீர்மானிக்க வேண்டும். போட்டி அழியாமல் அரசு காக்க வேண்டும். சந்தையால் வாழ வழி கிடைக்காதோருக்கு அரசு உதவ வேண்டும் என்பன இதன் சாரம்.

இம்மூன்றில் எர்ஹார்ட் முதலிரண்டையே பெரிதும் வலியுறுத்தினார். போட்டியால் விலை குறைந்து உற்பத்தி பெருகினால் அதுவே ஏழைகளுக்குச் செய்யும் பெரிய நன்மை என்பது அவர் கருத்து. இதனால் பெருந்தொழில் அதிபர்களோடும் அவர் மோதினார். நிறுவனங்கள் தமக்குள் விலை பேசி வைத்துக்கொள்ளும் கார்ட்டெல் முறையைத் தடுக்கும் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார். தொழிலதிபர்களின் கூட்டமைப்பு இதனைக் கடுமையாக எதிர்த்தது. பல விதிவிலக்குகளுடன் 1957 இல் நிறைவேறிய இச்சட்டம் 1958 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

பொதுநல அமைப்பு வேறு வழிகளில் வளர்ந்தது. ஜெர்மனியில் 1880களிலேயே பிஸ்மார்க் தொடங்கிய நோய், விபத்து, முதுமைக் காப்பீடுகள் இருந்தன. இவற்றோடு 1950 இல் அரசு உதவியுடன் வீடு கட்டும் சட்டமும், 1952 இல் சுமைப் பகிர்வுச் சட்டமும் சேர்ந்தன. சுமைப் பகிர்வுச் சட்டத்தின்படி, போரில் சொத்து இழக்காதோர் 1948 ஆம் ஆண்டுச் சொத்து மதிப்பில் பாதியை 30 ஆண்டுகளில் தவணைகளாகச் செலுத்த வேண்டியிருந்தது. அப்பணம் அகதிகளுக்கும் வீடிழந்தோருக்கும் வழங்கப்பட்டது.

கருத்து வேறுபாடு 1957 ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சீர்திருத்தத்தில் வெளிப்பட்டது. ஊதியம் உயரும்போது ஓய்வூதியமும் உயர வேண்டும் என அரசுத் தலைவர் கொன்ராட் அடேனாவர் விரும்பினார். இது பணவீக்கத்தை வளர்க்கும், மக்கள் தாமே சேமிக்கும் பழக்கத்தைக் குறைக்கும் என எர்ஹார்ட் அஞ்சினார். அடேனாவரின் விருப்பமே நிறைவேறியது. ஓய்வூதியங்கள் ஒரேயடியாக 60 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தன. அவ்வாண்டுத் தேர்தலில் அவர்களின் கட்சிக் கூட்டணி 50.2 விழுக்காடு வாக்குகள் பெற்றது. எர்ஹார்டின் அனைவருக்கும் வளம் என்னும் பொருள்படும் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

1950 தொடக்கத்தில் 20 இலட்சமாக இருந்த வேலையற்றோர் எண்ணிக்கை 1960 இல் 3 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. இவ்வளர்ச்சிக்கு எர்ஹார்டின் கொள்கையே முதன்மைக் காரணம் எனச் சிலர் கருதுகின்றனர். மார்ஷல் திட்ட உதவி, கொரியப் போரால் பெருகிய ஏற்றுமதி, 1953 இலண்டன் கடன் ஒப்பந்தம், கிழக்கிலிருந்து வந்த அகதிகளின் உழைப்பு ஆகியவற்றைப் பிறர் சுட்டுகின்றனர். எதிர்க்கட்சியான சமூக சனநாயகக் கட்சியும் 1959 இல் சந்தைப் போட்டியை ஏற்றுக்கொண்டது.

அரசுத் தலைவர்

அடேனாவர் விரும்பாதபோதும் 1963 அக்டோபரில் எர்ஹார்ட் அரசுத் தலைவரானார். 1965 இல் இசுரேலுடன் தூதரக உறவு ஏற்படுத்தினார். அவ்வாண்டுத் தேர்தலில் வென்றார். 1966 இல் பொருளாதாரம் மந்தமடைந்து வரவுசெலவில் பற்றாக்குறை ஏற்பட்டபோது, வரி உயர்வை ஏற்காத கூட்டணிக் கட்சி அமைச்சரவையிலிருந்து விலகியது. டிசம்பர் 1 அன்று எர்ஹார்டின் பதவிக்காலம் முடிந்தது. மக்கள் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று ஓயாது வற்புறுத்தி வந்தவர் வரவுசெலவுச் சிக்கலால் பதவி இழந்தது குறிப்பிடத்தக்கது.

மறைவும் தாக்கமும்

எர்ஹார்ட் இறக்கும்வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். மே 5, 1977 அன்று பான் நகரில் காலமானார். அவரது உடல் பவேரியாவின் குமுண்ட் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.

1990 இல் இரு ஜெர்மனிகளுக்கும் இடையே ஏற்பட்ட பொருளாதார ஒன்றிய ஒப்பந்தம் சமூகச் சந்தைப் பொருளாதாரத்தைப் பொது முறையாக அறிவித்தது. 2009 இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழியே ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்குகளிலும் அது இடம்பெற்றது. சந்தைச் சுதந்திரத்தைக் கோருவோரும் சமூகப் பாதுகாப்பைக் கோருவோரும் ஜெர்மனியில் எர்ஹார்டின் பெயரையே சான்று காட்டுவதுண்டு. ஃபூர்த் நகரில் 2018 இல் அவர் நினைவாக அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.