கடைசிவரை உதவிகுரு

வெள்ளை முயலைத் துரத்திக்கொண்டு போய் வளைக்குள் விழுந்த ஆலிஸ் என்ற சிறுமியின் கதையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அதை எழுதியவர் லூயிஸ் கரோல். அது புனைபெயர், சொந்தப் பெயர் சார்ல்ஸ் டாட்ஜ்சன். அவர் ஒரு கணக்கு வாத்தியார் என்பதும், ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஓர் உதவிகுரு என்பதும் பலருக்குத் தெரியாது.

1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் இங்கிலாந்தில் டேர்ஸ்பரி என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் ஆங்கிலிக்கன் குருவானவர். பிள்ளைகள் 11 பேரில் இவர்தான் மூத்த மகன். சின்ன வயசிலிருந்தே திக்குவாய். படிப்பிலோ ஒரு திக்கலும் கிடையாது. 1854-இல் ஆக்ஸ்போர்டில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். மறுவருஷமே அங்குள்ள கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித விரிவுரையாளர் ஆனார்.

அந்தக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்திருந்த ஆயுட்கால இடத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கல்யாணம் செய்யக்கூடாது, குருத்துவத்திலும் சேர வேண்டும்.

ஆங்கிலிக்கன் சபையில் ஊழியம் மூன்று படி: முதலில் டீக்கன் எனப்படும் உதவிகுரு, அப்புறம் குரு, அதற்கும் மேலே பேராயர். உதவிகுரு ஆராதனையில் குருவுக்குத் துணை நிற்பார், வேதம் வாசிப்பார். நோயாளிகளும் ஏழைகளும் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்துக் குருவிடம் சொல்வார். குரு இல்லாத சமயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். பேராயர் அனுமதித்தால் பிரசங்கமும் செய்யலாம். ஆனால் நற்கருணையின் அப்பத்தையும் ரசத்தையும் பிரதிஷ்டை செய்ய அவருக்கு அதிகாரமில்லை. பெரும்பாலோர் ஒரு வருஷம் உதவிகுருவாக இருந்துவிட்டுக் குருவாகிவிடுவார்கள்.

டாட்ஜ்சன் 1861 டிசம்பர் 22-இல் உதவிகுரு பட்டம் பெற்றார். வருஷம் ஓடியது, அடுத்த படிக்கு அவர் போகவில்லை. திக்குகிற வாயை வைத்துக்கொண்டு சபை முன்னால் ஆராதனை நடத்தத் தயங்கினார். நாடகம் பார்ப்பதில் வேறு கொள்ளை ஆசை. அது குருமாருக்கு ஆகாது என்பது அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலரின் எண்ணம். எது முக்கிய காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். திக்கும் பிள்ளை பாடம் வாசிக்க எழுந்து நிற்கும்போது வகுப்பு சிரிப்பதைப் பார்த்திருக்கிற எனக்கு, வாய்தான் பெரிய காரணமாகப் படுகிறது.

1862 அக்டோபரில் கல்லூரித் தலைவர் ஹென்றி லிடெல் அவரைக் கூப்பிட்டு, குருப்பட்டம் பெற்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இடம் போகலாம் என்ற பொருள்படப் பேசினார். விஷயத்தைக் கல்லூரிப் பெரியவர்கள் முன் வைக்கப் போவதாகவும் சொன்னார். பிழைப்பே போய்விடும் நிலை. ஆனாலும் டாட்ஜ்சன் இணங்கவில்லை. மறுநாளே லிடெல் மனம் மாறி, அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இந்த லிடெலின் மகள்தான் ஆலிஸ்! அதே 1862-இல் ஜூலை 4-ஆம் நாள், நண்பர் ஒருவரோடு சேர்ந்து லிடெலின் பெண்களில் மூன்று பேரைப் படகில் அழைத்துப் போனபோது, டாட்ஜ்சன் முயல் வளைக் கதையைச் சொன்னார். எழுதித் தரும்படி கேட்டவள் 10 வயது ஆலிஸ். 1865-இல் அது அச்சுப் புத்தகமாயிற்று.

கணிதப் பாடம் 1881 வரை நடத்தினார். எப்போதாவது கோயிலில் பிரசங்கமும் செய்தார்; சில சொற்களில் வாய் சிக்கிக்கொள்ளுமே என்ற கவலை விடவில்லை. 1898 ஜனவரி 14-இல் கில்ட்ஃபோர்டில், சகோதரிகளின் வீட்டில் காலமானார். அன்றைக்கும் அவர் உதவிகுருதான், 36 வருஷமாக.