நிலவொளியிற் பயின்றவர்

ஒரு கல்லூரியின் நிறைவு விழா மலரைக் கையில் எடுப்போர், பரீட்சைப் பெறுபேறுகளையும் பட்டம் பெற்றோர் பெயர்களையும் உயர்பதவி வகித்தோர் படங்களையுமே முதலிற் காண்பர். ஆடுகளச் செய்திகள் பின்பக்கங்களில் இடம்பெறும். இவ்வரிசை எமது சமூகத்தின் மனப்பாங்கை ஒருவாறு காட்டுவதாகும். கல்வி உத்தியோகத்துக்கு வழி. விளையாட்டு அதற்கு இடையூறு என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் உள்ளத்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. மாலையில் மைதானத்தில் நிற்கும் மகனைப் புத்தகத்துக்கு அழைக்கும் குரல் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அக்குரல் முற்றும் பிழையென்று கூறுதல் எமது நோக்கமன்று. கல்வியை இழந்து விளையாட்டைப் பெறுதல் நல்ல வாணிகமாகாது. ஆயினும், ஆடுகளத்தில் ஒருவன் கற்பவை அவன் பின்னர் புகும் கந்தோரிலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் எவ்வாறு துணைசெய்யும் என்பதை ஆராயாது விடுதலும் தகாது. இதனை ஆராய்தற்கு ஒருவரின் வரலாறு மிகப் பொருத்தமாய் அமைந்துள்ளது. அவரே ஹொக்கி வீரர் தியான் சந்த். அவரை உலகம் விளையாட்டு வீரராக மட்டுமே அறியும். உண்மையில் அவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் இராணுவத்திற் சம்பளம் பெற்றுக் கடமை பார்த்த ஓர் உத்தியோகத்தருமாவார். அவருடைய ஆட்டமும் அவருடைய உத்தியோகமும் ஒன்றையொன்று வளர்த்த வகையே இங்கு எமக்கு வேண்டிய பொருள்.

தியான் சிங் என்னும் இயற்பெயருடைய அவர் 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆந் திகதி அலகாபாத்திற் பிறந்தார். தந்தையார் இராணுவத்திற் பணியாற்றியவர். அடிக்கடி நேர்ந்த இடமாற்றங்களால் மைந்தரின் படிப்பு ஆறு ஆண்டுகளுடன் முடிவுற்றது. குடும்பம் ஈற்றில் ஜான்சி நகரில் நிலைபெற்றது. இளமையில் அவருக்கு ஹொக்கியில் தனிப்பற்று எதுவும் இருந்ததில்லை, மற்போரையே விரும்பினார். பிறவியிலேயே திறமை வந்து வாய்க்க வேண்டும் என்று எண்ணி மனந்தளரும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1922ஆம் ஆண்டில், பதினேழு வயதில், இராணுவத்தின் கடைநிலைச் சிப்பாயாக அவர் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் அவருக்கு ஹொக்கியைக் கற்பித்தார். பகலெல்லாம் அணிவகுப்பும் காவலுமாகக் கழியும். கடமை முடிந்த பின்னரே கோலும் பந்தும் கைக்கு வரும். மைதானத்தில் விளக்குகள் இல்லாத காலம் அது. ஆகவே நிலவு எழும் வரை காத்திருந்து, அவ்வொளியில் அவர் பயின்றார் என்பர். நிலவைக் குறிக்கும் ‘சந்த்’ என்னுஞ் சொல்லைத் தோழர்கள் அவர் பெயருடன் சேர்த்தமைக்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்பெயரே உலகறிந்த பெயராயிற்று.

இதில் அடங்கிய முதற் பாடம் எளியது. பயிற்சியின் பொருட்டு அவர் கடமையைக் குறைத்தாரல்லர். கடமையின் பொருட்டுப் பயிற்சியைக் கைவிட்டாருமல்லர். நேரம் இல்லை என்பது உத்தியோகத்தர் பலர் நாவில் நாடோறும் வழங்கும் வார்த்தை. மேற்படிப்புக்கும் மொழிப்பயிற்சிக்கும் தொழில்நுட்ப அறிவுக்கும் நேரம் கிடையாது என்று வருந்துவோர், அவர் காத்திருந்த நிலவை நினைத்துக்கொள்ளலாம்.

படையணிகளுக்கிடையே ஜீலம் நகரில் நடைபெற்ற இறுதிப் போட்டியொன்றில், ஆட்டம் முடிய நான்கு நிமிடங்களே எஞ்சியிருக்க, அவருடைய அணி இரு கோல்களாற் பின்தங்கி நின்றது. அந்நான்கு நிமிடங்களில் அவர் மூன்று கோல்கள் போட்டு வெற்றியைத் தேடித் தந்தார் என்பது பிரசித்தமான செய்தி. 1926இல் இந்திய இராணுவ அணி நியூசிலாந்து சென்று இருபத்தொரு ஆட்டங்கள் ஆடி, பதினெட்டில் வென்று, ஒன்றில் மட்டுமே தோற்றது. திரும்பி வந்த தியான் சந்த் லான்ஸ் நாயக்காக உயர்த்தப்பட்டார். விளையாட்டு அவருக்கு அளித்த முதற் பதவியுயர்வு இது. மிகச் சிறிய படியெனினும், ஆறாண்டுப் பள்ளிப்படிப்புடன் வந்த சிப்பாய் ஒருவருக்கு அப்படி தானே திறக்கத்தக்கதன்று.

1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக் விழாவுக்கு இந்தியா முதன்முதலாக ஹொக்கி அணியை அனுப்பியது. பம்பாய்த் துறைமுகத்தில் அவ்வணியை வழியனுப்ப வந்தோர் மூவரே என்பர். ஐந்து ஆட்டங்களில் இந்திய அணி இருபத்தொன்பது கோல்களைப் பெற்றது. எதிரணிகளுக்கு ஒரு கோலும் கொடுக்கவில்லை. இருபத்தொன்பதிற் பதினான்கு தியான் சந்துக்கு உரியவை. இறுதியாட்டத்தன்று வீரர் சிலர் நோயுற்றிருந்தனர். அவரும் காய்ச்சலுடனேயே ஆடினார். நெதர்லாந்து மூன்று கோல்களால் தோல்வியுற்றது. பம்பாய்க்குத் திரும்பியபோது வரவேற்க ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர். மூவரைக் கண்டு சோராதவர் ஆயிரவரைக் கண்டு தருக்கவும் இல்லை. சில நாட்களில் அவர் மீண்டும் தம் படைமுகாமிற் கடமையில் நின்றார்.

1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவுக்கு அணியைத் தெரிதற்கு மாகாணங்களுக்கிடையிற் போட்டி நடைபெற்றது. அதில் ஆடுவதற்கு இராணுவத்தார் அவருக்கு விடுமுறை அளிக்கவில்லை. உலகமே புகழ்ந்த வீரருக்கும் மேலதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. எனினும் தெரிவாளர்கள் அவரைத் தேர்வின்றியே சேர்த்துக்கொண்டனர். நல்ல வேலை செய்தவனுக்கு அவன் செய்த வேலையே சாட்சியாய் நிற்கும் என்பதற்கு இது சான்று.

அப்பயணத்திலேதான் எமது நாடு அவரைக் கண்டது. அமெரிக்கா செல்லும் வழியிற் கொழும்பில் இறங்கிய இந்திய அணி, இலங்கை அணியுடன் ஆடி மிக இலகுவில் வென்றது. பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யப்பானைப் பதினொன்றுக்கு ஒன்று என்றும், அமெரிக்காவை இருபத்துநான்குக்கு ஒன்று என்றும் வென்று தங்கம் பெற்றது. அமெரிக்காவுடனான ஆட்டத்தில் தியான் சந்த் எட்டுக் கோல்களும், அவர் தம்பியார் ரூப் சிங் பத்துக் கோல்களும் போட்டனர். தமையனின் புகழைத் தம்பி மிஞ்சிய அந்நாள் தமையனுக்குத் துன்பநாளாகவில்லை. ஏனெனில் தியான் சந்தின் ஆட்டத்தில் தலையாய பண்பு பந்தைப் பிறருக்குக் கொடுத்தலே. தாம் போடக்கூடிய கோலாயினும், தம்மிலும் நல்ல இடத்தில் வேறொருவர் நிற்பாராயின் பந்து அவரிடம் செல்லும்.

இப்பண்பே தொழிலுலகில் மிக அரியது. ஒரு கந்தோரில் கோவை ஒன்றைத் தம் மேசையிலேயே பூட்டி வைத்திருப்பவர், அதனை முடிக்கவல்ல மற்றவரிடம் கொடுத்தால் தம் பெருமை குறையும் என அஞ்சுகிறார். ஆசிரியர் ஒருவர் தாம் கண்ட நல்ல கற்பித்தல் முறையை அடுத்த வகுப்பாசிரியருக்குச் சொல்லத் தயங்குகிறார். கோல் போட்டவர் பெயரே பலகையில் ஏறும். பந்தைக் கொடுத்தவர் பெயர் ஏறாது என்பது உண்மையே. ஆயினும் பந்தைக் கொடுப்பாரில்லாத அணி வெல்வதில்லை. பிறருக்குக் கொடுத்தும் தாமே மிகுதியான கோல்களைப் போட்ட ஒருவர் வாழ்ந்தார் என்பது இவ்வச்சத்துக்கு மாற்று மருந்தாகும்.

1936இல் பேர்லின் ஒலிம்பிக் விழாவில் அவரே அணித்தலைவர். அப்போதும் இராணுவத்தில் அவர் அதிகாரிப் பட்டம் பெறாதவர். கல்வியிலும் செல்வத்திலும் தம்மின் மிக்காரையும் கொண்ட அணியை, அறிவினாலும் நடத்தையினாலுமே அவர் நடத்த வேண்டியிருந்தது. பேர்லினை அடைந்த சில நாட்களில், யூலை 17ஆந் திகதி, பயிற்சி ஆட்டமொன்றில் ஜேர்மனி இந்தியாவை நான்குக்கு ஒன்று என வென்றது. தலைவர் இத்தோல்வியை மறைக்கவில்லை. வெயிலையும் மழையையும் குறை கூறவில்லை. அணியின் குறை எங்குள்ளது என ஆராய்ந்து, தாரா என்னும் வீரரை உடனே அனுப்புமாறு இந்தியாவுக்குத் தந்தி அனுப்பப்பட்டது. அவரும் அரையிறுதியாட்டத்துக்கு முன் வந்து சேர்ந்தார்.

மழையால் ஒருநாள் தள்ளிப்போன இறுதியாட்டம் ஓகஸ்ட் 15ஆந் திகதி நடைபெற்றது. ஈரத்தரையில் இந்தியர் தடுமாறினர். முற்பாதியில் ஒரு கோலே கிடைத்தது. இடைவேளைக்குப் பின் தியான் சந்த் ஆணிகள் பொருத்திய சப்பாத்தையும் காலுறையையும் களைந்து, இறப்பர் அடியுடைய சப்பாத்துடன் ஆடினார். ஜேர்மனியக் கோல் காப்பாளருடன் மோதியதிற் பல்லொன்று உடைந்தது. சிகிச்சை பெற்று மீண்டும் களம் புகுந்தார். ஆட்டம் எட்டுக்கு ஒன்று என முடிந்தது. அவ்வொலிம்பிக் போட்டிகளில் இந்தியா கொடுத்த ஒரே கோல் அதுவே. தோல்வியைக் கணக்கிற் கொண்டு திருத்துதல், வழக்கமான கருவி பயன்படாத இடத்து அதனை விடத் துணிதல் என்னும் இரண்டும் ஒருமாத காலத்துள் அங்கு நிகழ்ந்தன. நேற்று வரை உதவிய முறை இன்று உதவாது என்று கண்டும் அதனைக் கழற்ற மனமின்றி வழுக்கி விழும் நிறுவனங்கள் எத்தனை!

பின்னர் உலகப்போர் மூண்டது; ஒலிம்பிக் விழாக்கள் நின்றன. 1943இல் அவர் இரண்டாம் லெப்டினன்ட் என்னும் அதிகாரிப் பட்டம் பெற்றார். சிப்பாயாய்ச் சேர்ந்து இருபத்தொரு ஆண்டுகளின் பின் அது வந்தது. மூன்று தங்கப் பதக்கங்கள் இருந்தும் பதவிப்படிகள் ஒவ்வொன்றாகவே திறந்தன. விளையாட்டுப் புகழ் ஒருவரைக் கதவருகே கொண்டு செல்லும். உள்ளே சென்று கடமை செய்வது அவர் பொறுப்பே. 1952இல் அவருடைய சுயசரிதை சென்னையிலிருந்து வெளிவந்தது. 1956இல் அவர் ஓய்வுபெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். மேஜர் தியான் சந்த் என்றே மக்கள் அவரை அழைத்தனர். அதன்பின் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவகத்தில் இளைஞரைப் பயிற்றினார். தாம் பெற்றதைப் பிறருக்குக் கொடுக்கும் வழக்கம் முதுமையிலும் மாறவில்லை. அவர் மைந்தர் அசோக் குமார் 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டார்.

இவ்வரலாற்றை இங்கு நிறுத்தினால் அது இனிதாக முடியும். ஆனால் முழு உண்மையாகாது. இறுதிக் காலத்தில் அவருக்குப் பொருள்முடை இருந்தது. ஈரலிற் புற்றுநோய் கண்டு, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தின் பொதுவிடுதியிற் கிடந்து, 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதி காலமானார். இன்று அவர் பிறந்த நாள் இந்தியாவில் தேசிய விளையாட்டு நாள். 2021 முதல் அந்நாட்டின் அதியுயர் விளையாட்டு விருதுக்கும் அவர் பெயரே. இவை நன்றே. எனினும், படுக்கையிற் கிடந்தபோது வேண்டியிருந்த கவனிப்பு, மறைந்தபின் சூட்டிய பெயரால் ஈடாகுமா? உழைப்பவருக்கு ஆடுகளம் கற்பிக்கும் பாடங்கள் பல. உழைப்பிப்போருக்கு அது கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு: வெற்றி தந்தவரை, அவர் கோல் ஏந்த இயலாத நாளிலும் மறவாதிருத்தல்.

எமது மண்ணிலும் ஆடுகளத்தையும் அறிவுத்துறையையும் ஒருங்கே ஆண்டோர் இல்லாமலில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற எதிர்வீரசிங்கம், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் ஈட்டினார். பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பிறநாடுகளிற் பேராசிரியப் பணியாற்றினார். இரண்டும் ஒருவரிடத்துச் சேரலாம் என்பதற்கு அயலிலேயே சான்று உளது.

ஆதலின் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எமது வேண்டுகோள் இது. மாலைப் பொழுதில் மைதானத்திலிருந்து மகனை அழைக்குமுன், அன்று அவன் பந்தை யாருக்குக் கொடுத்தான் என்று ஒருமுறை கேளுங்கள். மாணவ நண்பர்களே, வீடு சென்றதும் புத்தகத்தை மறவாதீர்கள். தியான் சந்துக்குக் கிடையாத வாய்ப்பு அது. பழைய மாணவர்களே, உங்கள் கந்தோர்களிலும் நிறுவனங்களிலும் பந்தை வைத்திருப்பவர்கள் இன்று நீங்களே. அதனை உங்களிலும் நல்ல இடத்தில் நிற்கும் இளைஞரிடம் கொடுங்கள். கல்லூரி மைதானத்தில் நீங்கள் கற்றது வீண்போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளமாகும்.