சொற்களின்றிச் சொன்ன கலைஞர்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1905ஆம் ஆண்டு பிறந்தவர் லிண்ட் வார்டு. அவர்தம் தந்தை கிறித்தவச் சமயப் போதகர். மனித உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். தொடக்கப் பள்ளியில் பயின்றபோது, தன் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் ‘வரை’ என்னும் பொருள்தரும் சொல் கிடைப்பதைச் சிறுவன் கண்டுகொண்டான். ஓவியனாவதே தன் வாழ்வு என அன்றே முடிவு செய்தான்.

1926இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் படிப்பை முடித்த வார்டு, மனைவி மே மெக்நீருடன் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்றார். அங்கு ஓராண்டுக் காலம் மரச்செதுக்குக் கலையைப் பயின்றார். பெல்ஜிய ஓவியர் ஃபிரான்ஸ் மாசரீல் படங்களாலேயே கதை சொன்ன நூலொன்று அவர் கையில் கிடைத்தது. அவர் செல்ல வேண்டிய வழியை அந்நூல் காட்டியது.

மரச்செதுக்கு, பொறுமையை வேண்டும் கலை. வன்மரத்தைக் குறுக்காக அறுத்து, வழவழப்பாக்கிய பரப்பில் நுண்ணிய உளியால் கோடுகளைச் செதுக்குவர். மை தடவி அச்சிடும்போது, செதுக்கிய இடம் வெண்மையாகவும் எஞ்சிய மேட்டுப்பகுதி கருமையாகவும் பதியும். படம் இடவலம் மாறிப் பதியும் என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். பென்சில் கோட்டை அழிக்கலாம். உளி பெயர்த்த மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது.

இத்தகைய 139 படங்களைக் கொண்டு வார்டு படைத்த ‘தெய்வங்களின் மனிதன்’ 1929 அக்டோபரில் வெளிவந்தது. முகமூடி அணிந்த ஒருவனிடம் ஒப்பந்தம் செய்து மந்திரத் தூரிகை பெறும் ஏழை ஓவியனின் கதை அது. தொடக்கத்தில், கொந்தளிக்கும் கடலில் சிறு படகொன்றில் அவன் வருகிறான். கரிய இருளைக் கிழித்தெழும் வெண்கோடுகளே அலைகளாகின்றன. அச்சத்தைச் சொல்ல அங்கே ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. புகழும் செல்வமும் பெற்ற ஓவியன், இறுதியில் அதற்குரிய விலையாகத் தன் உயிரையே தர நேர்கிறது.

அந்நூல் வெளிவந்த வேளையில்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். வார்டின் உளி அவர்களின் பக்கம் நின்றது. 1937இல் வெளியான ‘வெர்டிகோ’ என்னும் நூலுக்காக 230 மரக்கட்டைகளைச் செதுக்கினார். வேலை தேடி அலையும் இளைஞன் பிழைப்புக்காகத் தன் குருதியையே விற்கும் அவலத்தை அதில் காட்டினார். சொற்களற்ற அவருடைய ஆறு புதினங்களுள் அதுவே இறுதியானது.

பின்னர்ச் சிறுவர் நூல்களில் ஈடுபட்ட வார்டு, ‘மிகப்பெரிய கரடி’ என்னும் நூலுக்காக 1953இல் கால்டிகாட் பதக்கம் பெற்றார். 1985இல் மறைந்தார். இன்றைய வரைகலைப் புதினங்களின் முன்னோடியாக அவர் போற்றப்படுகிறார். கருப்பும் வெள்ளையுமான இரு நிறங்களைக் கொண்டே எளியோரின் துயரை அவர் உலகறியச் செய்தார். அப்படங்களைப் படிக்க மொழியறிவு வேண்டா. பிறர் துயருக்கு இரங்கும் உள்ளம் போதும்.