எல்லாம் போன பின்பும்

கடலூர், சிதம்பரம் விசுவாசிகளாகிய நாம் மிஷனெரி சகரியா கியர்னாண்டரை மறக்கக் கூடாது. சுவீடனில் 1711-ல் பிறந்த இவர், 1740-ல் நம்ம கடலூருக்கு வந்து 18 வருஷம் ஊழியம் செய்தார். 1758-ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தது. தரங்கம்பாடி வழியாக வெறுங்கையோடு கல்கத்தா போனார். அங்கே சொந்தப் பணத்தைப் போட்டு 1770-ல் ஆலயம் கட்டி முடித்தார். 1787-ல் கடனுக்காக அந்த ஆலயமே ஜப்திக்கு வந்தது. சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கொடுத்து மீட்டார். முதிர்வயதில் சொத்தெல்லாம் போயும் கியர்னாண்டர் ஊழியத்தை விடலை, சின்சுராவில் போதகரானார். 1799-ல் மரித்தார்.

வீட்டு வாடகை, பிள்ளைங்க ஃபீஸ் என்று நான் கலங்கும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்கிறேன். கட்டினது கைவிட்டுப் போகலாம்; அழைத்தவர் கைவிடமாட்டார். ஆமென்.